முப்பத்தேழாம் எண் காசிமாயன்

காசிமாயனைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய அப்பாவின் பெயரோடுதான் தொடங்க வேண்டும். பேச்சிமுத்து. 1985 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெயரை நான் ஒருமுறை உரக்கச் சொல்லியிருந்தால் இதை எழுதும் தேவை வந்திருக்காது.

விளாங்குடிக்கு மேற்கே, பாம்பு போல நீண்ட நாகமலை தலை முதல் வால் வரை தெரிகிற ஒரு சிற்றூர் அவருடையது. செங்கல் சுடும் காளவாசலிலிருந்து மாட்டுவண்டியில் கல் ஏற்றிப் போவது தொழில். ஆனையூர்ப் பக்கம் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு நடைக்கு நானூறு கல். கீழே நிற்பவர் இரண்டிரண்டாக வீச, காசிமாயன் வண்டிமேல் நின்று பிடித்து அடுக்குவார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். ஆனால் எண்ணிக்கை தவறாது. ஒருநாள் அவர் ஆனையூரில் கல்லை இறக்கும்போது பக்கத்தில் நின்று நானும் எண்ணினேன். சரியாக நானூறு.

"என்ன சாமி, நம்பிக்கை இல்லையாக்கும்?" என்றார்.

"அப்படியில்லை. எப்படி எண்ணறேள் என்று பார்த்தேன்."

"நீங்க நோட்டுல எண்ணுறீக. நான் முதுகுல எண்ணுறேன். அம்புட்டுத்தான்."

அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. நாளைக்கு இரண்டு கட்டு பீடி.

நான் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பதிவேட்டு எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். என் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. அந்த நற்பெயரைக் கேள்விப்பட்டுத்தான் இதய மருத்துவர் கல்யாணராமன் தம் ஆராய்ச்சிக்குக் குறிப்பு எழுத என்னை அழைத்தார். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்றொரு புரதம் உண்டு. காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைப்பது அதுதான். அதன் அளவு மிகுந்தவர்களுக்கு, காயமே இல்லாமல், இதயத்துக்குப் போகும் குழாயிலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுதலோ என்று வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். நம் ஊர் மனிதர்களிடம் இதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் ஆசைப்பட்டார். ஒரே ஊரில் நாற்பது வயது தாண்டிய ஆண்கள் நூற்றிருபது பேர். வருடம் ஒருமுறை ஜூன் மாதத்தில் ரத்தம் எடுத்து அளப்பது. யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று கவனித்து வருவது. இதுதான் திட்டம்.

ஊர் முதலில் சம்மதிக்கவில்லை. ரத்தத்தை எடுத்துப்போய் விற்பார்கள் என்று ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடிப் பேசினார்கள். காசிமாயன்தான் நடுவில் புகுந்து கையை நீட்டினார்.

"காளவாசல்ல கல்லு கிழிச்சுத் தினமும் எம்புட்டு ரத்தம் போகுது. அதுக்கெல்லாம் யாரு சீட்டுக் குடுத்தா? இவுக ஒரு சொட்டுக்குப் பேரு, ஊரு, வயசு எல்லாம் எழுதிக்கிட்டுப் போறாக. மருவாதியா இருக்குல்ல? நான் குடுக்குறேன்."

ஊர் சிரித்தது. பிறகு சம்மதித்தது. எங்களை அந்த ஊருக்குள் விட்டவரே அவர்தான் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

ரத்தம் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண். முப்பத்தேழாம் எண்: பே. காசிமாயன், தகப்பனார் பேச்சிமுத்து, வயது 51, கதவு எண் 2/14. முப்பத்தெட்டாம் எண்ணும் பே. காசிமாயன்தான். தகப்பனார் பேயாண்டி, வயது 43, கதவு எண் 2/19. பேயாண்டியும் பேச்சிமுத்துவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள். இருவரும் அவரவர் மூத்த மகனுக்குக் குலசாமியின் பெயரை வைத்திருந்தார்கள். தலைப்பெழுத்தும் ஒன்றாகப் போய்விட்டது. கூப்பிடும்போது குழப்பம் வரக்கூடாது என்று ஐம்பத்தொரு வயதுக்காரர் பெயருக்குப் பக்கத்தில் 'பெரியவர்' என்றும், நாற்பத்துமூன்று வயதுக்காரர் பெயருக்குப் பக்கத்தில் 'சின்னவர்' என்றும் குறித்தேன். யாரையும் கேட்கவில்லை. வயதுதான் முன்னால் இருக்கிறதே.

ஜூன் 9 அன்று பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்தோம். ஊசி குத்தியவர் நர்ஸ் ஸ்யாமளா. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, எண் எழுதிய சீட்டைக் குழாயில் ஒட்டுவதும் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவதும் என் வேலை. "முப்பத்தேழு, பெரிய காசிமாயன்!" என்றேன். ஒருவர் வந்து உட்கார்ந்து எழுந்து போனார். "முப்பத்தெட்டு, சின்னக் காசிமாயன்!" என்றேன். இன்னொருவர் வந்து போனார். சீட்டு கோணாமல் ஒட்டுவதில் கவனமாக இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. முப்பத்தேழுக்கு 262. முப்பத்தெட்டுக்கு 514. நானூறு வரை இருக்கலாம் என்பது டாக்டரின் கணக்கு. முடிவுச் சீட்டுகளை நானே எழுதினேன். நானே கொண்டுபோய், கதவு எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன்.

காசிமாயன் சீட்டைப் படிக்கச் சொன்னார்.

"இருநூற்று அறுபத்திரண்டு. அளவுக்குள் இருக்கிறது," என்றேன்.

"புரதம்னா என்னா சாமி?"

"சத்து என்று வைத்துக்கொள்ளுங்கோ."

"நம்ம தம்பிக்கு?"

"ஐந்நூற்றுப் பதினாலு."

"இதென்ன ஓரவஞ்சனை! நான் கல்லு தூக்குறவன், எனக்கு இருநூத்திச் சொச்சம். அவனுக்கு ஐநூத்திச் சொச்சமா? சத்தக்கூட ஆளு பாத்துத்தான் அளப்பீகளோ?"

இந்தச் சத்து கூடினால் நல்லதில்லை என்று நான் விளக்கியதும் பக்கத்தில் நின்ற அவர் தம்பியின் முகம் வெளிறியது. பேயாண்டியின் மகன் சாது. அன்றே பீடியை விட்டார். வண்டியையும் மாட்டையும் மச்சினனிடம் கொடுத்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டே நடக்கிற பழக்கம் அவருக்கு வந்தது. காசிமாயன் சும்மா விடுவாரா? "டேய், மெதுவா எந்திரிடா, சத்து சிந்திரும்" என்பார். "போண்ணே" என்பார் அவர், சிரிக்காமல்.

காசிமாயனோ என் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீடிக்கட்டோடு சேர்த்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். பீடியை விடும்படி இருளாயி, அவருடைய மனைவி, சொல்லும்போதெல்லாம் அதை வெளியே எடுப்பார்.

"அளவுக்குள்ள இருக்குன்னு சாமி கைப்பட எழுதியிருக்கு. நான் குடிக்கிற பீடியும் அளவுக்குள்ளதான். ரெண்டு கட்டத் தாண்ட மாட்டேன்."

இதை நானே இரண்டு முறை என் காதால் கேட்டேன். சிரித்தேன் என்றும் எழுத வேண்டும்.

மறுவருடம் ஜூன் 8. எனக்குக் கண்ணில் அறுவை நடந்து கட்டுப் போட்டிருந்ததால் அன்று நான் போகவில்லை. ஸ்யாமளாவே பெயர் கூப்பிட்டு, வந்தவர் ஒவ்வொருவரிடமும் "அப்பா பேரு?" என்று கேட்டுக் குழாயை ஒட்டியிருக்கிறார். என் 'பெரியவர்', 'சின்னவர்' எதையும் அவர் பார்க்கவில்லை. 16ஆம் தேதி முடிவு வந்தது. முப்பத்தேழுக்கு 528. முப்பத்தெட்டுக்கு 249.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சீதாராமன், இதைப் பாருங்கோ. இந்தப் புரதம் ஏறும், இறங்கும். ஜுரம் வந்தால்கூட ஏறும். ஆனால் ரெண்டு பேர் சட்டையை மாத்திப் போட்டுண்ட மாதிரி இப்படியா மாறும்? போன வருஷம் எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

"என் பதிவேட்டில் இல்லை, சார்."

"எங்கே வேணாலும் இருக்கட்டும். நாளைக்கே போய் முப்பத்தேழைக் கூட்டிண்டு வாங்கோ. ஈ.சி.ஜி. எடுக்கணும்."

சரியென்றேன். போகவில்லை.

போனால் காசிமாயனிடம் என்ன சொல்வது? போன வருடச் சீட்டு தவறு என்று சொல்ல வேண்டும். யாருடைய தவறு என்று அவர் கேட்பார். அது பரிசோதனைக்கூடத்தின் தவறு என்று கையில் ஆதாரத்தோடு போக விரும்பினேன். அவர்களுடைய குறிப்பேட்டை வாங்கி என் பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டேன். எங்கும் தவறில்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். 20ஆம் தேதி டாக்டர், "போனேளா?" என்றார். "அவர் வெளியூர் போயிருக்கிறார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் தேதியோடு நினைவில் இருப்பது இது ஒன்றுதான்.

26ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் ஒருவழியாகப் பஸ் ஏறினேன். ஊர் முகப்பில் பால்பாண்டியின் டீக்கடை. ஒரு டீ வாங்கிக்கொண்டு, காசிமாயன் இருக்கிறாரா என்று அவரிடம் கேட்டேன்.

"எந்தக் காசி? பெரியகாசியா, சின்னக்காசியா?"

"பெரியவர்."

"அந்தா, மந்தையில நெஞ்சத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க."

அங்கே உட்கார்ந்திருந்தது பேயாண்டியின் மகன்.

"இவர் சின்னவர். நான் கேட்கிறது வயதில் பெரியவர்."

"வயசு கிடக்கட்டும் சாமி. பேயாண்டி மூத்தவரு, பேச்சிமுத்து இளையவரு. மூத்தவரு மகன் பெரியகாசி, இளையவரு மகன் சின்னக்காசி. இவுக பிறந்த நாள்ல இருந்து ஊருல அப்பிடித்தான் கூப்பிடுறோம்." பிறகு அவரே சிரித்தார். "சின்ன வீட்டுக் காசின்னு சொன்னா வேற மாதிரி அர்த்தமாப் போகும்னு சின்னக்காசின்னு சுருக்கிட்டோம்."

கையில் இருந்த டம்ளரைப் பலகையில் வைத்தேன்.

ஒரு வருடம் முன்பு நான் "பெரிய காசிமாயன்" என்று கூப்பிட்டபோது எழுந்து வந்தவர் பேயாண்டியின் மகன். அவருடைய ரத்தம் முப்பத்தேழாம் குழாயில் போனது. "சின்னக் காசிமாயன்" என்றபோது வந்தவர்தான் நம் காசிமாயன். 514 அவருடையது. பதிவேட்டில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. மனிதர்கள் மாறியிருந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால், நரைத்த தலையும் கறுத்த தலையும் எனக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டுகளை நான் சோம்பல்பட்டு இதே டீக்கடையில் கொடுத்து, 'இது பெரியகாசிக்கு, இது சின்னக்காசிக்கு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவை சரியான கைகளுக்குப் போயிருக்கும். கதவு எண் பார்த்துக் கொடுத்தேனே, அந்தக் கவனத்தால் கெட்டது.

"சின்னக்காசியத் தேடியா வந்தீக?" என்றார் பால்பாண்டி. "தெரியாதா? நேத்து வண்டி மேல நின்னு கல்லு பிடிச்சுக்கிட்டு இருந்தவரு, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காக."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். இருளாயி தோளை அழுத்தினார்.

"மன்னிச்சுக்கங்க சாமி. உங்க நோட்டக் கெடுத்துட்டேன்," என்றார் காசிமாயன்.

எனக்குப் புரியவில்லை.

"அளவுக்குள்ள இருக்குன்னு எழுதியிருந்தீக. இப்ப இவுக மாரடைப்புங்கிறாக. உங்க எழுத்து பொய்யாப் போகும்ல? எனக்கென்னமோ வாயுன்னுதான் படுது. உங்க சீட்டுல இருக்கும்போது எப்பிடி வரும்?"

தலையணைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையின் நுனி தெரிந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது. "ரெஸ்ட் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெளியூர்ப் பொய் உட்பட.

"முன்னாலேயே சொல்லியிருந்தால் இது வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. இன்னும் எங்களுக்கே அவ்வளவு தெரியாது. ஆனால் அந்தச் சீட்டை அவர் நம்பிண்டிருக்கார். அதை எழுதின கைதான் திரும்ப வாங்கணும்."

அப்போதும் நான் உடனே போகவில்லை. நோயாளிக்கு அதிர்ச்சி கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஜூலை 18 அன்று ஸ்யாமளா வந்து சொன்னார்: "சார், உங்க காசிமாயனை ஆனையூர்ல பார்த்தேன். வண்டிமேல நிக்கறார். வாயில பீடி. ரெண்டு மாசம் எதையும் தூக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினாளே, என்ன இதுன்னு கேட்டேன். சீட்டை எடுத்துக் காட்டறார்."

என் கையெழுத்து அந்த மனிதரைக் கொல்லப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 20ஆம் தேதி ஞாயிறு காலையில் போனேன்.

காசிமாயன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தம்பியும் அங்கே இருந்தார். இருளாயி செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் உட்காரவில்லை.

"காசிமாயன், பீடியைக் கீழே போடுங்கோ. அந்தச் சீட்டைக் கொடுங்கோ. அது உங்களுடையது இல்லை."

"எம் பேருதான சாமி போட்டிருக்கு?"

"பேர் உங்களுடையது. ரத்தம் உங்கள் தம்பியுடையது."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பெரியவர், சின்னவர் என்று நானாக எழுதியது, தலையை நிமிர்த்தாமல் கூப்பிட்டது, எல்லாம். முதலில் வாய் திறந்தவர் பேயாண்டியின் மகன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா சார்?"

"இல்லை. இரண்டு வருடமும் அளவுக்குள்தான்."

"ஒரு வருசமா எம் மகளத் தூக்கல சார். தூக்குன்னு கைய நீட்டும். நெஞ்சு வெடிச்சிரும்னு ஒதுங்கிப் போவேன். இப்ப அது கையே நீட்டுறதில்ல."

காசிமாயன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"ஏண்டா, அப்ப ஒரு வருசம் முழுக்க எம் பயத்த நீ பயந்திருக்க! ஓன் தெம்புல நான் கல்லு தூக்கியிருக்கேன்!"

சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மெதுவாக வண்டியின் பக்கப் படலில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். அதை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஒரு வருடம் தாமதமாக.

இருளாயி என் எதிரே வந்து நின்றார்.

"புதுசா ரத்தம் எடுத்தீகளே, அதுல கூடயிருக்குன்னு எப்பத் தெரியும் சாமி?"

"ஜூன் பதினாறாம் தேதி வந்தது."

"அது திங்கக்கிழமை. இவரு விழுந்தது பௌர்ணமி கழிச்சு மூணாம் நாளு, புதன்கிழமை." விரலை மடக்கி எண்ணினார். "ஒம்பது நாளு."

"ஆமாம்."

"ஒம்பது நாளும் நோட்டுக்குள்ளயேதான் இருந்துச்சா?"

"ஆமாம்."

என் கையில் குடிக்காமல் இருந்த மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"விடு புள்ள," என்று காசிமாயன் குரல் கொடுத்தார். உறையிலிருந்து சீட்டை உருவி என்னிடம் நீட்டினார். "புதுச் சீட்டு எழுதியாந்தீகளா?"

எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"சத்தமாப் படிங்க. எங்கப்பன் பேரையும் சேத்துப் படிங்க."

"பே. காசிமாயன், தகப்பனார் பேச்சிமுத்து. ஐந்நூற்று இருபத்தெட்டு. அளவுக்கு மேல். பீடி கூடாது. பாரம் தூக்கக் கூடாது. வரும் செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கவும்."

காசிமாயன் மடிப்பிலிருந்த பீடிக்கட்டை எடுத்துப் பார்த்தார். தம்பியிடம் நீட்டினார். "இந்தா, ஒனக்குத்தான அளவுக்குள்ள இருக்கு." அவர் அதை வாங்கிக் குப்பைக் குழியில் எறிந்துவிட்டு, விடுவிடுவென்று தன் வீட்டை நோக்கிப் போனார். நெஞ்சில் கை இல்லை.

பதிவேட்டில் 1985ஆம் வருட வரிகள் இரண்டையும் சிவப்பு மையால் அடித்தேன். 'எழுத்தர் பிழை' என்று முதலில் எழுதினேன். எழுத்தர் என்றால் யாரோ ஒருவர் போல இருந்தது. அதையும் அடித்துவிட்டு 'சீதாராமன் பிழை' என்று எழுதினேன். அந்தப் பக்கம் அசிங்கமாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காசிமாயன் அதன்பின் வண்டியில் ஏறவில்லை. காளவாசலில் உட்கார்ந்து, வெளியே போகிற கல்லை எண்ணிச் சொல்கிறார். ஒவ்வொரு ஜூனிலும் ரத்தம் கொடுக்க வருகிறார். வந்ததும் என் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவார். "சாமி, தலையத் தூக்குங்க. மூஞ்சிய நல்லாப் பாத்துக்கங்க. பேச்சிமுத்து மகன்!" வரிசை முழுவதும் சிரிக்கும். இப்போது ஊரில் எல்லோருமே அப்பா பெயரைச் சொல்லிவிட்டு, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்கிறார்கள். அவர்கள் விளையாட்டாகத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் காது மடல் சுடுகிறது.

இந்த 1988ஆம் வருடம் ஜூன் 12 அன்று இருளாயியும் அவரோடு வந்திருந்தார். குழாயில் நான் சீட்டு ஒட்டி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அவர் என்னிடம் பேசியதில்லை. அன்று கேட்டார்:

"முடிவு வந்தா எம்புட்டு நாள்ல சொல்லுவீக?"

"அன்றைக்கே."

20ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு முடிவு வந்தது. 431. இன்னும் அளவுக்கு மேல்தான், ஆனால் இறங்கியிருக்கிறது. பதினொன்று இருபது பஸ்ஸைப் பிடித்தேன். வெயிலில் நடந்து போய் வாசலில் நின்றேன். இருளாயி வெளியே வந்து சீட்டை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சீட்டின் மேல் மூலையில் விரலை வைத்து, "இதென்ன எழுதியிருக்கு?" என்றார்.

"தேதி."

"என்னைக்கு?"

"இன்றைக்கு."

தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். மோர் வரும் என்று நான் காத்திருக்கவில்லை. வரவும் இல்லை.